அப்பாவின் மழைக்கோட்டும் ஐரோப்பியக் குளிரும்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி எது? கடப்பிதழ் இருக்கிறதா என்பதா? கையில் பணம் இருக்கிறதா என்பதா? இரண்டும் இல்லை. "குளிருக்கு என்ன செய்யப் போறே?" என்பதுதான். கேட்பவர் கேமரன் மலைக்கு மேல் குளிரைக் கண்டிராதவராக இருப்பார். பதில் சொல்லும் நமக்கோ விரிவுரை மண்டபத்துக் குளிர்சாதனத்தைத் தவிர வேறு குளிர் தெரியாது. இப்படி இரு தரப்புக்கும் தெரியாத ஒன்றைப் பற்றி இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுத்து, இருக்கும் பணத்தையெல்லாம் ஒரே ஒரு தடித்த குளிராடையில் கொட்டுகிறோம். நானும் கொட்டியவள்தான். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

2024 ஏப்ரலில், இரண்டாம் ஆண்டு படிக்கையில், இரண்டு வார மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு வாரம் ஆஸ்திரியாவின் வியன்னா, அடுத்த வாரம் செக் நாட்டின் பிராக். செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்றுக்கொண்டது. மீதி எங்கள் பாடு. புறப்படுவதற்கு முன் நடந்த விளக்கக் கூட்டத்தில் ஒரு பக்கப் பட்டியல் கொடுத்தார்கள். அதில் முதல் வரி, 'தடித்த குளிராடை 1'. மழை என்ற சொல் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

அம்மா அந்த முதல் வரியைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து எடுக்க வேண்டிய கூட்டுப் பணத்தை, முறை மாற்றிக் கேட்டு, கழிவு போக முன்கூட்டியே எடுத்தார். பேரங்காடி ஒன்றில் 380 வெள்ளிக்குக் குளிராடை வாங்கினோம். உள்ளே பறவை இறகு நிரப்பியது என்று கடைக்காரப் பெண் சொன்னதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பண்டல் கடையில் நல்லது கிடைக்கும், இருபது முப்பது வெள்ளிதான் ஆகும் என்று நான் சொல்லாமலில்லை. "வெள்ளக்காரன் ஊருக்குப் போறே. ஊரான் போட்டுக் கழட்டுனதப் போட்டுக்கிட்டுப் போயி மானத்த வாங்காதே" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

அப்பா மட்டும் வாசலில் நின்றபடி, "என் மழைக்கோட்ட எடுத்துக்கிட்டுப் போம்மா. குளிர சமாளிச்சிடலாம், நனஞ்சிட்டுக் குளுந்தாத்தான் தாங்காது" என்றார். மோட்டார் இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் அந்த நெகிழிக் கோட்டை நினைத்துப் பார்த்தேன். ரப்பர் வாடை அடிக்கும். முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை வேறு. பிராக் நகர வீதியில் அதைப் போட்டுக்கொண்டு நான் நடப்பதா? சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 7-ஆம் நாள் வியன்னாவில் இறங்கினோம். கோலாலம்பூரை விட்டு வந்தோமா இல்லையா என்ற ஐயம் வந்துவிட்டது. அன்று ஆஸ்திரியாவில் வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தொட்டது. அந்நாட்டில் அளவெடுக்கத் தொடங்கிய காலம் முதல், ஆண்டின் இவ்வளவு முற்பகுதியில் 30 பாகை பதிவானதில்லையாம். என் 380 வெள்ளிக் குளிராடை அந்த வாரம் முழுவதும் என் கையில்தான் தொங்கியது. அருங்காட்சியகத்துக்குப் போனால் அதை வாசலில் உள்ள உடைக் காப்பறையில் ஒப்படைக்க வேண்டும். வெளியே வரும்போது வரிசையில் நின்று திரும்ப வாங்க வேண்டும். மற்றவர்கள் பனிக்கூழ் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் அமர்ந்திருக்க, நான் என் குளிராடையைப் பிள்ளை போல் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். விடுதியில் விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அம்மாவின் கூட்டுப் பணம் அது. எப்படி விட்டுப் போக மனம் வரும்?

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. அன்று நாங்கள் பிராக்கில் இருந்தோம். காலையில் தலை குளித்து, பருத்திச் சுடிதார் உடுத்தி, சார்லஸ் பாலத்தில் நடந்தேன். இளவேனில் என்று தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது இதுதான் என்று அம்மாவுக்குப் புலனத்தில் படம் அனுப்பினேன். இரண்டே நாள் கழித்து வானம் கறுத்தது. பகல் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கியது. மழை, அதோடு காற்று, நடுவில் ஆலங்கட்டி போல் வெள்ளைத் துகள்கள். 'இதோ வந்துவிட்டது நம் நேரம்' என்று குளிராடையை எடுத்து மாட்டிக்கொண்டு பெருமையாக வெளியே போனேன்.

ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதன் மேல்துணி மழையைத் தடுக்கும் துணி அன்று. உள்ளே இருந்த இறகு நனைந்து கட்டி கட்டியாகத் திரண்டது. இறகு குளிரைத் தடுப்பதே தன் இடுக்குகளில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு இடமேது? என் தோளில் தொங்கியது ஈரத் தலையணை. கீழே ஜீன்ஸ் சிலுவார். பருத்தி என்பதால் குடித்த நீரை விடவே இல்லை. காலில் துணிக் காலணி. கருங்கல் பாவிய அந்தப் பழைய வீதிகளில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நீர் தேங்கி நிற்கும். விடுதிக்குத் திரும்பும்போது விரல்கள் மரத்துப் போயிருந்தன. இரவில் காய்ச்சல் கண்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் படைப்பு இருந்தது. தோட்டப்புறத் தமிழரின் இடப்பெயர்வு பற்றி இரண்டு மாதம் உழைத்துத் தயாரித்தது. அயல்நாட்டு விரிவுரையாளர்கள் முன் நம் கதையை நம் வாயால் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பு. எழுந்து நிற்க முடியவில்லை. என் பெயர் போட்ட காட்சிப் படங்களை என் குழுத் தோழி ஒருத்தி படித்துக் காட்டினாள். அவள் குறை வைக்கவில்லை. ஆனால், கேள்வி நேரத்தில் என்ன கேட்டார்கள், அதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இன்றுவரை படுக்கையில் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தத் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்குக்காரி. எங்கள் குழுவிலேயே சிறிய பெட்டி அவளுடையது. 7 கிலோவுக்குள் அடங்கும் கைப்பெட்டி. உள்ளே வியர்வையை இழுத்து வெளியேற்றும் மெல்லிய உள்ளாடை இரண்டு, மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, பண்டல் கடையில் 15 வெள்ளிக்கு வாங்கிய பஞ்சு போன்ற மேற்சட்டை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மழை அங்கி, கழுத்துக்கு ஒரு துண்டு. அவ்வளவுதான். வியன்னாவில் அவற்றில் பாதி பெட்டிக்குள் உறங்கின. பிராக்கில் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டாள். மொத்தச் செலவு நூறு வெள்ளியைத் தாண்டவில்லை என்றாள். எனக்குக் காய்ச்சல் போதாதென்று வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

அந்த ஊர் வானிலை ஏன் இப்படி ஆடுகிறது? நடு ஐரோப்பா, வடக்கே உறைபனிக் கடலுக்கும் தெற்கே சஹாரா பாலைவனத்துக்கும் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலம். தெற்குக் காற்று வந்தால் கோடை. வடக்குக் காற்று வந்தால் பனி. வசந்த காலத்தில் வெயில் நிலத்தைச் சூடேற்றிவிடும். மேலே உள்ள காற்றோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இரண்டும் மோதும்போது வெயிலும் மழையும் ஆலங்கட்டியும் ஒரே பிற்பகலில் வந்து போகும். ஜெர்மன் மொழியில் இதற்குத் தனிச்சொல்லே உண்டு: 'அப்ரில்வெட்டர்', அதாவது ஏப்ரல் வானிலை. சொன்ன பேச்சு கேட்காத வானிலை என்று பொருள்படப் பேசுவார்கள்.

மே மாதம் வந்தாலும் அவர்கள் நம்புவதில்லை. மே 11 முதல் 15 வரை வரும் நாள்களைப் 'பனிப் புனிதர்கள்' நாள்கள் என்கிறார்கள். மாமர்த்துஸ், பங்கிராத்துஸ், செர்வாத்துஸ், போனிபாத்துஸ் ஆகிய நால்வரோடு சோபியாள் என்ற புனிதையும் சேர்த்து ஐவர். இவர்கள் நாள் கழியும்வரை, இரவுப் பனியில் கருகக்கூடிய இளஞ்செடிகளைத் தோட்டத்தில் நடமாட்டார்கள். சூன் மாதத்தில்கூட 'ஆட்டுக் குளிர்' என்று ஒன்று உண்டாம். புதிதாகக் கம்பளி கத்தரிக்கப்பட்ட ஆடுகள் உடுப்பில்லாமல் நடுங்கும் குளிர்! இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ஆட்டின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. இந்த நம்பிக்கையெல்லாம் வீண் பேச்சன்று என்பதும் அதே 2024 ஏப்ரலில் தெரிந்தது. நாங்கள் ஊர் திரும்பிய அந்த வாரத்திலேயே செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் இரவுப் பனி இறங்கி, முற்பகுதி வெயிலை நம்பித் துளிர்த்த திராட்சைத் தோட்டங்களும் பழ மரங்களும் கருகின. செடியும் என்னைப் போல் ஏமாந்திருக்கிறது.

நமக்கோ இப்படிப்பட்ட அறிவுக்குத் தேவையே ஏற்பட்டதில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். ஆண்டு முழுவதும் மாத சராசரி வெப்பம் ஓரிரு பாகைக்கு மேல் மாறுவதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்குப் பெரிது. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் 7.8 பாகை. நம் நாட்டின் சாதனைக் குளிர் பிராக்கில் ஓர் ஏப்ரல் நண்பகல்!

தமிழ்ப்பள்ளியில் எங்கள் ஆசிரியர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளை ஒப்புவிக்கச் சொல்வார். ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் அங்கே மலாய் மொழியில் நான்கு பருவங்கள். 'மூசிம் பூங்கா', 'மூசிம் லுரோ' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆக, பத்துப் பருவங்களுக்குப் பெயர் தெரிந்த எனக்கு ஒரு பருவத்துக்கும் உடுத்தத் தெரியவில்லை. இதைப் பள்ளியின் குறையாகச் சொல்ல வரவில்லை. கூதிர் என்ற சொல்லில் ஈரமும் வாடைக் காற்றும் சேர்ந்து இருப்பதை நம் முன்னோர் உணர்ந்து பெயரிட்டிருக்கிறார்கள். நாம் அந்தச் சொல்லைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். குளிர் வேறு, ஈரக் குளிர் வேறு என்பதை அந்த ஒரு சொல்லே எனக்குச் சொல்லியிருக்க முடியும்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், நேர வேறுபாட்டால் தூக்கம் வராமல் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் அமர்ந்திருந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பினார். ஈப்போவின் தொழிற்பேட்டை வரை மோட்டாரில் நாற்பது நிமிடம். பனியன், அதன் மேல் டி-சட்டை, அதன் மேல் பழைய மேலங்கியை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார். நம் நாட்டு மோட்டார்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். எதிர்காற்று பொத்தான் இடுக்கில் புகாமல் இருக்க. மழை வந்தால் எல்லாவற்றுக்கும் மேலே அந்த நெகிழிக் கோட்டு. பகலில் வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றி இருக்கைக்கு அடியில் திணித்துவிடுவார். வியர்வைக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. பினாங்குத் தோழியின் பெட்டியில் இருந்ததும் இதே கணக்குத்தான். நான் பிறந்தது முதல் தினமும் என் கண்முன் நடந்த பாடத்தைப் பிராக் வரை போய்க் காய்ச்சலில் படுத்துக் கற்றிருக்கிறேன்.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. பால்மரம் வெட்டப் போன காலத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போகும்போது கைலிக்கு மேல் தாத்தாவின் நீளக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, அதற்கு மேல் இன்னொரு துணி என்று கட்டிக்கொண்டு போவாராம். "பத்து மணிக்கெல்லாம் ஒன்னொன்னா அவுத்து இடுப்புல கட்டிக்குவோம். இதுக்குப் போயி ஐரோப்பா போவணுமாக்கும்?" என்றார்.

ஆகவே, பயணம் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது. வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ ஐரோப்பாவுக்குப் போனால் ஒரே ஒரு தடித்த உடையை நம்பாதீர்கள். அதைப் போட்டால் வேகும், கழற்றினால் நடுங்கும். இடைப்பட்ட நிலை அதில் கிடையாது. மூன்று நான்கு மெல்லிய உடைகள் இருந்தால் வானிலைக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். இடையிடையே தங்கும் காற்றும் வெப்பத்தைக் காக்கும். பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டியது மழையும் காற்றும் புகாத மேலங்கி. கம்பளி தன் எடையில் கணிசமான பங்கு ஈரத்தை இழுத்தும் வெதுவெதுப்பாகவே இருக்கும், பருத்தி அப்படியன்று. ஆகவே ஜீன்ஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. படத்தில் அழகாக இருக்கும்; மழையில் அது ஒரு தண்டனை. காலணி நீர் புகாததாக இருக்கட்டும். குடையை நம்பாதீர்கள், காற்று அதைத் திருப்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும். அப்பாவின் நெகிழிக் கோட்டிலும் குறை இல்லாமலில்லை. வியர்வை வெளியேறாது, அரை மணி நேரம் நடந்தால் உள்ளேயே மழை பெய்யும். ஆனாலும் அன்று அது என்னிடம் இருந்திருந்தால் நான் மேடை ஏறியிருப்பேன்.

சனவரியில் போகிறவர்களுக்கு இந்த அறிவுரை போதாது என்பதை மறுப்பதற்கில்லை. சுழியத்துக்குக் கீழே போகும் குளிருக்குத் தடித்த உடை வேண்டும்தான். ஆனால், வாழ்நாளில் இரண்டு வாரம் உடுத்தப் போகும் ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் கடன்பட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா என்பதே என் கேள்வி. நம் கழகத்து முன்னாள் மாணவர்களில் வெளிநாடு சென்று திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டு அலமாரிகளில் எத்தனை குளிராடைகள் நெகிழிப் பைக்குள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன? நம் நாட்டு ஈரக் காற்றில் அவை தானே கெட்டுப் போகும். அவற்றை ஏன் கழக அறைக்குக் கொண்டு வரக்கூடாது?

இதைச் செயலவைக் கூட்டத்தில் சொன்னபோது சிலர் தயங்கினார்கள். யார் துவைப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தாம். எடுப்பவர் துவைத்துத் தர வேண்டும். சிறு முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பதிவுப் புத்தகம் போதும். இரவல் புத்தகத்துக்குச் செய்வதை இரவல் உடைக்குச் செய்ய முடியாதா? ஆனால், தயக்கத்தின் உண்மையான வேர் வேறு என்று எனக்குப் படுகிறது. பிறர் உடுத்தியதை உடுத்துவது நமக்கு இழிவு. என் அம்மாவுக்கு இருந்த அதே எண்ணம். அந்த எண்ணத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். துரைமார் வீட்டுப் பழைய துணியை வாங்கி உடுத்திய தலைமுறையின் பிள்ளை அவர். புதுத்துணி அவருக்குத் தன்மானம். ஆனால், திட்டத்துக்குத் தேர்வாகியும் "குளிருடுப்புச் செலவு முடியாது" என்று ஒதுங்கிக்கொண்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவனுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஆயிரம் வெள்ளி எழுதியிருந்தார்கள். தன்மானத்துக்கு இந்த விலை அதிகம்.

வாதாடிக்கொண்டே இருப்பதைவிடத் தொடங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தாமே அந்தக் குளிராடையை வெயிலில் காயவைத்து, திரண்டிருந்த இறகைக் கையால் தட்டித் தட்டிப் பிரித்து, மடித்துக் கொடுத்தார். "யாருக்குக் குடுத்தாலும் புதுசு மாதிரி இருக்கணும்" என்றார்.

இப்போது அது கழக அறையில், இரும்பு அலமாரியின் இடப்பக்கத்தில் தொங்குகிறது. அருகில் மழை அங்கி இரண்டு, கம்பளிச் சட்டை மூன்று, எட்டாம் எண் நீர்புகாக் காலணி ஒரு சோடி. சாவி செயலாளரிடம் இருக்கும். குளிராடையின் இழுபூட்டு பாதியில் சற்றுச் சிக்கும். அவசரப்பட்டு இழுக்காமல் ஒருமுறை கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றினால் சரியாக ஏறிவிடும். மழை பெய்தால் மட்டும் அதன் மேல் மழை அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்.